பழைய ஸ்க்ரீன்ஷாட், புது வேட்பாளர்: மன்னிப்பு வேற, சீட்டு வேற

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடிச்சிட்டே படிங்க. ஆனா முழுசா படிச்சிட்டு கமெண்ட் போடுங்க.

எந்தக் கட்சி வேட்பாளர் பட்டியல் விட்டாலும் இப்பல்லாம் ஒரே கதைதான். பட்டியல் வந்த அரை மணி நேரத்துல எதிர்த்தரப்பு ஆளுங்க ஒவ்வொரு பேரா எடுத்து, பழைய ட்விட்டர், ஃபேஸ்புக் கணக்கைத் தோண்ட ஆரம்பிச்சிடுறாங்க. கொஞ்ச நேரத்துல முதல் ஸ்க்ரீன்ஷாட் வருது. சிவப்பு வட்டம், தேதிக்கு மஞ்சள் கலர், மேல பெருசா "இவர்தான் உங்க வேட்பாளரா?". சாயங்காலம் ஹேஷ்டேக். ராத்திரி டிவி விவாதம். மறுநாள் காலைல வேட்பாளர் தரப்புல மூணு பதில்ல ஒன்னு வரும்: "கணக்கை ஹேக் பண்ணிட்டாங்க", "அட்மின் போட்டது", "அப்ப எனக்கு விவரம் தெரியாத வயசு".

இந்தத் தோண்டுற வேலை எல்லா ஐடி விங்குலயும் நடக்குது. அதனால பொதுவாப் பேசாம நமக்குள்ளேயே நேரா கேட்டுக்குவோம். பத்து வருஷத்துக்கு முன்னாடி அசிங்கமா ஒன்னு எழுதின ஆள், இன்னிக்கு மக்கள் பிரதிநிதியா வரலாமா? ஆள் மாறிட்டார்னு எதை வெச்சு நம்புறது?

என் பதில்: மனுஷன் மாற முடியும். மாற முடியாதுன்னு சொல்றவங்க அரசியலுக்கே வரக்கூடாது, ஏன்னா ஜனங்க மனசை மாத்துறதுதான் இங்க வேலையே. ஆனா வருஷம் ஓடிடுச்சுங்கிறதால மாறிட்டார்னு ஆகாது. பதிவை அழிச்சதால ஆகாது. தேர்தல்ல ஜெயிச்சதாலயும் ஆகாது.

முதல்ல வயசுக் கணக்கைப் பார்ப்போம். சட்டமன்றத்துக்கு நிக்க 25 வயசு ஆகணும், உள்ளாட்சிக்கு 21. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து டேட்டா தண்ணியா ஓடினப்ப பத்தாவது, பன்னெண்டாவது படிச்சிட்டிருந்த பசங்கதான் இப்ப விருப்ப மனு போடுற வயசுல இருக்காங்க. நம்ம அப்பா, சித்தப்பா எல்லாம் அந்த வயசுல பேசாததையா பேசிட்டோம்? அவங்க பேசினது டீக்கடை பெஞ்சோட, ஹாஸ்டல் மொட்டை மாடியோட போச்சு. நம்ம தலைமுறை பேசினது தேதி, நேரத்தோட சர்வர்ல இருக்கு. தமிழ்நாட்டுல எந்த இளைஞனோட பழைய டைம்லைனைத் திறந்தாலும் முதல்ல கிடைக்கிறது அரசியல் இல்ல, ரசிகர் சண்டைதான். 2019 ஜூலைல உயிரோட நல்லா இருந்த நடிகர் விஜய்க்கு அஞ்சலி செலுத்துற மாதிரி ஹேஷ்டேக் போட்டு இந்திய அளவுல ட்ரெண்ட் பண்ணாங்க. அதுல ட்வீட் போட்ட ஆயிரக்கணக்கான பேர்ல பலருக்கு மீசை கூட முளைச்சிருக்காது. அசிங்கம்தான். ஆனா அதை வெச்சு 2030-ல் ஒருத்தனுக்கு வார்டு சீட் இல்லைன்னு சொன்னா, ஊருக்குள்ள சீட் குடுக்க ஆள் மிஞ்ச மாட்டாங்க.

வெளிநாட்டுல இது நமக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு. 2013-ல் இங்கிலாந்துல கென்ட் பகுதியில், காவல்துறைக்கும் இளைஞர்களுக்கும் பாலமா இருக்கிறதுக்குன்னு ஒரு புதுப் பதவி உருவாக்கி 17 வயசுப் பொண்ணு ஒருத்தரைத் தேர்ந்தெடுத்தாங்க. அந்தப் பொண்ணு 14 வயசுல இருந்து 16 வயசுக்குள்ள போட்ட ட்வீட்களை ஒரு பத்திரிகை எடுத்துப் போட்டுச்சு. இனவெறி, தன்பாலீர்ப்பாளர் மேல வெறுப்புன்னு குற்றச்சாட்டு. ஒரு வாரத்துக்குள்ள அழுதுகிட்டே விலகிட்டார். டீன் ஏஜ் பிள்ளைங்க எப்படி யோசிக்கிறாங்கன்னு போலீசுக்குச் சொல்லத்தான் அந்தப் பதவியே. டீன் ஏஜ் பிள்ளை மாதிரி பேசினதுக்காக அந்தப் பதவி போச்சு. இதுல எனக்கு நியாயம் எதுவும் தெரியல.

கனடா கதை இன்னும் சுவாரசியம். 2015 ஆகஸ்ட்ல, கால்கரியில் லிபரல் கட்சி வேட்பாளரா நின்ன 21 வயசு மாணவி, டீன் ஏஜ்ல போட்ட ட்வீட்களுக்காக மன்னிப்புக் கேட்டு போட்டியில் இருந்தே விலகினார். சரி, கட்சிக்குக் கறாரான அளவுகோல் இருக்குன்னு வெச்சுக்குவோம். நாலு வருஷம் கழிச்சு, 2019 செப்டம்பர்ல, அதே கட்சித் தலைவர் ஜஸ்டின் ட்ரூடோவோட பழைய போட்டோ ஒன்னை டைம் பத்திரிகை வெளியிட்டுச்சு. 2001-ல் அவர் வாத்தியாரா வேலை பார்த்த பள்ளிக்கூட விருந்துல, முகத்துக்குக் கருப்பு மை பூசி, தலைப்பாகை கட்டி, "அரேபிய இரவுகள்" வேஷம். அப்ப அவருக்கு 29 வயசு. மன்னிப்புக் கேட்டார், தலைவராவே தொடர்ந்தார், அடுத்த மாசத் தேர்தல்ல பெரும்பான்மை இல்லாட்டியும் ஆட்சியைப் பிடிச்சார். பதினேழு வயசுல எழுதினதுக்கு மாணவி வீட்டுக்குப் போகணும், 29 வயசுல செஞ்சதுக்குத் தலைவர் வருத்தம் தெரிவிச்சா போதும். மாமியார் உடைச்சா மண்சட்டி, மருமகள் உடைச்சா பொன்சட்டின்னு நம்ம ஊர்ல சொல்றது ஒட்டாவா வரைக்கும் செல்லுது.

இதுல நாம பிடிச்சுக்க வேண்டியது ஒன்னு இருக்கு. "பழைய பதிவு"ங்கிற ஒரே பேர்ல ரொம்ப வேற வேற விஷயங்களை ஒரே மூட்டையில கட்டுறோம். எழுதினப்ப வயசு என்ன? யாரைப் பத்தி எழுதினது? ஒரு தடவையா, வருஷக்கணக்கா தொடர்ந்தா? பிரிட்டன் லேபர் கட்சியின் ஜாரட் ஓமாரா 2017-ல் ஷெஃபீல்டு ஹாலம் தொகுதியில் முன்னாள் துணைப் பிரதமர் நிக் கிளெக்கையே தோற்கடிச்சு எம்.பி. ஆனவர். நாலு மாசத்துல, 2002, 2004-ல இணைய விவாதக் குழுக்கள்ல பெண்களையும் தன்பாலீர்ப்பாளர்களையும் கேவலமா எழுதினது வெளியே வந்துச்சு. "அது பதினஞ்சு வருஷம் முந்தின ஆள், இப்ப நான் வேற ஆள்"னு மன்னிப்புக் கேட்டார். கட்சியும் ஏத்துக்குற மாதிரிதான் இருந்துச்சு. அடுத்த நாளே ஒரு பெண், அதே வருஷம் தன்கிட்டயும் அவர் கேவலமாப் பேசினார்னு சொன்னாங்க. அவர் மறுத்தார். ஆனா கட்சி இடைநீக்கம் பண்ணிடுச்சு. அந்தக் குற்றச்சாட்டு உண்மையா பொய்யாங்கிறது என் வேலை இல்ல. விஷயம் எங்க திரும்புச்சுன்னு பாருங்க. 2002 பதிவு அவரைக் கவுக்கல. "இப்ப நான் வேற ஆள்"ங்கிற வார்த்தையை ஜனங்க நம்பணும்னா, நடுவுல இருக்கிற வருஷங்கள் சாட்சி சொல்லணும். அங்கதான் ஆட்டம் கண்டுச்சு.

போன வருஷம் அமெரிக்காவுல மெயின் மாநிலத்துல செனட் சீட்டுக்காக ஜனநாயகக் கட்சியில் களமிறங்கின கிரஹாம் பிளாட்னர் கதையும் உங்கள்ல சிலர் பார்த்திருப்பீங்க. முன்னாள் ராணுவ வீரர், கடல்ல சிப்பி வளர்க்கிறவர், சாதாரண ஜனங்க பாஷையில பேசுறவர். 2025 அக்டோபர்ல ரெடிட்ல அவர் போட்டு அழிச்ச பதிவுகள் வெளியே வந்துச்சு. அதுல 2013-ல எழுதின ஒன்னு, பாலியல் வன்முறைக்கு ஆளானவங்க மேலேயே பொறுப்பைத் தள்ளுற தொனியில் இருந்துச்சு. அப்ப அவர் முப்பதை நெருங்கின ஆள், பள்ளிக்கூடப் பையன் இல்ல. போருக்குப் போயிட்டு வந்து மனசு உடைஞ்சு கிடந்த காலம்னு விளக்கம் சொல்லி வீடியோவுல மன்னிப்புக் கேட்டார். பிரச்சாரக் குழுவுல முக்கியப் பொறுப்புல இருந்த பெண் விலகினாங்க. பெர்னி சாண்டர்ஸ் ஆதரவை விலக்கிக்கல. ரெண்டு பேருமே நேர்மையானவங்களா இருக்க முடியும்னுதான் நினைக்கிறேன். ஒரே மன்னிப்பைக் கேட்டுட்டு ஒருத்தர் கூட நிக்கிறார், ஒருத்தர் வெளியே போறார். எழுதினது யாரைக் குத்துதோ அவங்களுக்கு மன்னிக்கிற அளவு வேற.

இந்தியாவுக்கு வருவோம். பெங்களூரு தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யா. 2014-ல, பெண்களுக்கு இட ஒதுக்கீடு நிஜமாகிற நாளை நினைச்சாலே அச்சமா இருக்குங்கிற பொருள்ல ட்வீட் போட்டவர். 2019-ல 28 வயசுல சீட் கிடைச்சப்ப அது வெளியே வந்துச்சு. மூணு லட்சத்துக்கும் மேல வித்தியாசத்துல ஜெயிச்சார். அரபுப் பெண்களைப் பத்தி இன்னொருத்தர் சொன்னதை மேற்கோள் காட்டி 2015-ல போட்ட ட்வீட், 2020 ஏப்ரல்ல வளைகுடா நாடுகள்ல பெரிய கோபத்தைக் கிளப்பினப்ப அதை அழிச்சார். 2024-ல மறுபடி இரண்டே முக்கால் லட்சம் வித்தியாசம். நடுவுல 2023 செப்டம்பர்ல அவரோட கட்சி அரசே பெண்கள் இட ஒதுக்கீட்டு மசோதாவைக் கொண்டு வந்து, மக்களவையில் 454-க்கு 2-ன்னு நிறைவேறிடுச்சு. "2014-ல ஏன் அப்படி நினைச்சேன், இப்ப ஏன் வேற மாதிரி நினைக்கிறேன்"னு ஒரு இளம் எம்.பி. மனசு விட்டுச் சொல்ல இதை விட நல்ல மேடை கிடைக்குமா? சொல்லியிருந்தா எதிர்த்தரப்புல இருக்கிற நானே ஷேர் பண்ணியிருப்பேன். ஓட்டு வாங்குறது ஒன்னு, அந்தப் பதிவைத் தாண்டி வளர்றது இன்னொன்னு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. நம்ம ஆள் ஜெயிச்சாலும் அதேதான்.

"தமிழ்நாட்டு அரசியல்ல பழைய பேச்சை யார் சார் ஞாபகம் வெச்சிருக்காங்க"ன்னு சீனியர்கள் கேட்பாங்க. அதுலயும் நியாயம் இருக்கு. 1953-ல ராஜாஜி கொண்டு வந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வின்னு சொல்லி திராவிட இயக்கம் ஊர் ஊராப் போராடுச்சு. மேடையில் ராஜாஜியைப் பத்திப் பேசாத பேச்சில்ல. 1967-ல அதே ராஜாஜியோட சுதந்திராக் கட்சி, அண்ணாவோட கூட்டணியில. பெரியார், 1949-ல பிரிஞ்சு போனவங்களை "கண்ணீர்த்துளிகள்"னு கிண்டல் பண்ணிட்டே இருந்தார். 67 தேர்தல்ல காமராசருக்காகத்தான் பிரச்சாரம் பண்ணார். ஜெயிச்ச கையோட அண்ணா திருச்சிக்குப் போய் பெரியாரைப் பார்த்தார். அப்ப ஸ்க்ரீன்ஷாட் இருந்திருந்தா ரெண்டு பக்கத் தொண்டர்களும் பழைய விடுதலை, திராவிட நாடு பக்கங்களை மாத்தி மாத்தி ஷேர் பண்ணி அந்தச் சந்திப்பையே கெடுத்திருப்பாங்க. நல்லவேளை.

ஆனா சீனியர்கள் விட்டுடுற ஒரு விஷயம் இருக்கு. அது தலைவருக்கும் தலைவருக்கும் நடந்த சண்டை. திட்டினவருக்கும் மைக் இருந்துச்சு, திட்டு வாங்கினவருக்கும் மைக் இருந்துச்சு. அவங்க ரெண்டு பேரும் கை குலுக்கினா கணக்கு முடிஞ்சுது. இப்ப நாம பேசுற பதிவுகள்ல பாதி அப்படி இல்ல.

ஒரு உதாரணம். 2016 மார்ச்ல உடுமலைப்பேட்டையில், சாதி மறுப்புத் திருமணம் செஞ்ச சங்கரைப் பட்டப்பகல்ல பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல வெட்டிக் கொன்னாங்க. சிசிடிவி வீடியோ எல்லா போனுக்கும் வந்துச்சு. அந்த வீடியோவுக்குக் கீழ கொலையைப் பாராட்டி எழுதினவங்க இருந்தாங்க, சொந்தப் பேர்ல, சொந்தப் போட்டோவோட. அன்னிக்கு 19 வயசுல அப்படி எழுதின ஒருத்தனுக்கு இப்ப 29 வயசு ஆகியிருக்கும். கல்யாணமாகி, குழந்தை பிறந்து, நிதானமாகி, நாளைக்கு ஏதோ ஒரு கட்சியில வார்டு சீட் கேட்டு வர்றான்னு வைங்க. உண்மையிலேயே மாறிட்டான்னே வைங்க. அந்த வார்டுக்குள்ள ஒரு காலனி இருக்கு. அங்கயும் தெருத் தெருவா கைகூப்பி ஓட்டுக் கேட்டுப் போவான். நாளைக்குக் காலனிப் பையன் ஒருத்தன் காதல் கல்யாணம் பண்ணிட்டு உயிருக்குப் பயந்து ஓடி வந்தா, போய்க் கதவு தட்ட வேண்டியது இந்தக் கவுன்சிலர் வீட்டைத்தான். தட்டுவானா?

அங்கதான் நான் கோடு போடுறேன். மன்னிப்பு வேற, சீட்டு வேற. ஒருத்தனை மனுஷனா ஏத்துக்கலாம், கட்சியில சேர்த்துக்கலாம், பூத் கமிட்டியில வேலை குடுக்கலாம், பத்து வருஷம் கூட நின்னு வேலை செஞ்சா தோள்ல கை போட்டுக்கலாம். ஆனா சீட்டு யாருக்கும் உரிமை இல்ல. அது மத்தவங்க மேல அதிகாரம். அந்த அதிகாரத்துக்குக் கீழ வரப் போறவங்க பயமில்லாமக் கதவைத் தட்ட முடியுமாங்கிறதுதான் கேள்வி. ரசிகர் சண்டையில நடிகரைத் திட்டினவன் கவுன்சிலரானா அந்த நடிகருக்கு ஒன்னும் ஆகாது. சாதிக் கொலையைக் கொண்டாடினவன் கவுன்சிலரானா ஒரு தெருவே யோசிக்கும். இந்த ரெண்டுக்கும் ஒரே சிவப்பு வட்டம் போடுறோம் பாருங்க, அதுதான் நம்ம தரப்புத் தப்பு, எதிர்த்தரப்புத் தப்பு, எல்லார் தப்பும்.

பெண்கள் விஷயம் இதே கணக்குல வரும். 2019 மக்களவைத் தேர்தல் சமயத்துல இந்தியாவில் 95 பெண் அரசியல்வாதிகளைக் குறிப்பிட்டு வந்த ட்வீட்களை அம்னெஸ்டி அமைப்பு ஆய்வு செஞ்சுது. சுமார் ஏழுக்கு ஒன்னு வசை அல்லது பிரச்சினைக்குரியது. நம்ம மகளிரணித் தோழர்கள்கிட்ட கேட்டா ஏழுக்கு ஒன்னுங்கிறது நல்ல நாள்னு சொல்வாங்க. ஒரு பெண்ணைப் பேர் சொல்லி, உடம்பைச் சொல்லி, மிரட்டி எழுதினவர் நாளைக்கு அதே பெண் உட்கார்ற மாமன்றத்துல பக்கத்து நாற்காலியில உட்காருவார்னா, "சின்ன வயசு"ங்கிற பதிலை அந்தப் பெண்தான் ஏத்துக்கணும். நாம இல்ல.

மன்னிப்புன்னு சொன்னதும் ஞாபகம் வருது. நம்ம அரசியல்ல ஒரு ரெடிமேட் வாசகம் இருக்கு. "என் பதிவு யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன்." அந்த "இருந்தால்" என்ன வேலை பண்ணுதுன்னு கவனிச்சீங்களா? புண்பட்டுச்சா இல்லையான்னே தெரியாதாம். "யார் மனதையாவது"ன்னா, யாருன்னும் தெரியாதாம். கடைசியில "வருந்துகிறேன்", மழை வந்து மேட்ச் நின்னு போனா வருத்தப்படுற மாதிரி. என்ன எழுதினேன், யாரைப் பத்தி, அது ஏன் தப்பு, இந்த மூணும் இல்லாம ஒரு முழு வாக்கியத்தைத் தமிழ்ல கட்ட முடியும்னு காட்டினதுக்கு விருதே குடுக்கலாம்.

இதுக்குச் சட்டமே பதில் சொல்லியிருக்கு. 2018 ஏப்ரல்ல நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான எஸ்.வி. சேகர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்துற ஒரு பதிவை ஃபேஸ்புக்ல பகிர்ந்தார். எழுதினது வேற யாரோ, படிக்காமலே பகிர்ந்துட்டேன், உடனே அழிச்சிட்டேன், மன்னிப்பும் கேட்டுட்டேன்னு சொன்னார். கண்ணுக்கு மருந்து போட்டிருந்ததால படிக்க முடியலன்னு உச்ச நீதிமன்றத்துல வாதம் வெச்சாங்க. 2023 ஜூலைல சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தப்ப, அனுப்பின செய்தி வில்லை விட்டுக் கிளம்பின அம்பு மாதிரின்னு சொல்லுச்சு. அடுத்த மாசம் உச்ச நீதிமன்றமும் கை விரிச்சிடுச்சு. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாசம் சிறை, 15,000 ரூபாய் அபராதம்னு தீர்ப்பு குடுத்துச்சு. ஃபார்வர்டு பட்டனை அழுத்துறவங்க எல்லாரும் இந்த வழக்கை ஒரு தடவை படிக்கணும். "நான் எழுதல, ஷேர்தான் பண்ணேன்"ங்கிறது நம்ம ஊர்ல செல்லாத நோட்டு.

அப்ப அழிக்கவே கூடாதா? நம்ம அணியில பாதிப் பேர் இன்ஜினியரிங், கிட் தெரியும். தெரியாதவங்களுக்கு: நாலு பேர் சேர்ந்து புரோகிராம் எழுதும்போது யார், எப்ப, என்ன மாத்தினாங்கன்னு பதிவு பண்ற சிஸ்டம் அது. தப்பான கோடு உள்ள போயிட்டா சரி பண்ண ரெண்டு வழி. ஃபோர்ஸ் புஷ் பண்ணி, தப்பு நடந்த தடயமே இல்லாம வரலாற்றையே திருத்தலாம். இல்லைன்னா ரிவர்ட் போடலாம். அதுல பழைய தப்பும் தெரியும், அதை வாபஸ் வாங்கினதும் தெரியும், காரணமும் எழுதியிருக்கும். எந்த நல்ல டீம்லயும் எல்லாரும் பார்க்கிற கோடுல ஃபோர்ஸ் புஷ் பண்றவனை விட மாட்டாங்க. சத்தமில்லாம அழிக்கிறது ஃபோர்ஸ் புஷ். அதுவும் முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற மாதிரி, ஏன்னா ஆர்கைவ்ல காப்பி இருக்கும், இல்லாட்டி எவனோ ஒருத்தன் போன் கேலரியில இருக்கும். இன்னொருத்தரைக் காயப்படுத்துற பதிவு இன்னும் கிடந்தா கண்டிப்பா எடுத்துடணும். எடுத்துட்டு, என்ன எடுத்தேன், ஏன் எடுத்தேன்னு எழுதி வைக்கணும். அதுவும் மாட்டுறதுக்கு முன்னாடி. மாட்டின பிறகு வர்ற மன்னிப்பு பொய்யுன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதை நம்ப ஆள் தேட வேண்டியிருக்கும்.

தோண்டுற பக்கம் நிக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. பிரவுசர்ல இன்ஸ்பெக்ட் எலிமென்ட் திறந்தா அரை நிமிஷத்துல யார் ட்வீட்டையும் மாத்தி எழுதி ஸ்க்ரீன்ஷாட் எடுக்கலாம், போட்டோஷாப்பே வேண்டாம். ஒருத்தர் விட்டுட்டுப் போன பழைய யூசர்நேமை இன்னொருத்தர் எடுத்துக்கலாம், அப்புறம் அந்தப் பேர்ல இருக்கிறது எல்லாம் பழைய ஆள் எழுதினதுன்னு ஓட்டலாம். கிண்டலுக்கு எழுதின பத்து ட்வீட் வரிசையில ஏழாவதை மட்டும் வெட்டி எடுத்தா அர்த்தமே தலைகீழாயிடும். லிங்க் இல்லையா, ஆர்கைவ் பக்கம் இல்லையா, முன்ன பின்ன என்ன பேச்சு நடந்துச்சுன்னு தெரியலையா, ஷேர் பண்ணாதீங்க. எதிர்க்கட்சி வேட்பாளரா இருந்தாலும் பண்ணாதீங்க. அவர் 16 வயசுல எழுதினதா இருந்தாலும் விட்டுடுங்க. 30 வயசுல ஒரு சாதியையோ மதத்தையோ பெண்களையோ குறிவெச்சு எழுதினதுன்னா கேளுங்க, விடாம கேளுங்க. ஆனா அதே கேள்வியை நம்ம வேட்பாளர்கிட்ட கேட்கிற தைரியம் இருந்தா மட்டும்.

இப்ப கட்சிகள் என்ன செய்யலாம்னு பார்ப்போம். வேட்பு மனுவோட குடுக்கிற படிவம் 26-ல சமூக ஊடகக் கணக்கு விவரமும் கேட்கிறாங்க. அதாவது வேட்பாளரோட கணக்கு எதுன்னு தெரிஞ்சுக்க வாக்காளருக்கு வழி இருக்கு. குற்ற வழக்கு விஷயத்துல உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் இன்னொரு படி மேல போச்சு. வழக்கு உள்ள ஒருத்தரை வேட்பாளரா எடுத்தா, ஏன் எடுத்தோம், வழக்கில்லாத வேற ஆளை ஏன் எடுக்க முடியலன்னு கட்சி 48 மணி நேரத்துக்குள்ள வெளியிடணும். "ஜெயிக்கிற வாய்ப்பு இருக்கு"ங்கிறது மட்டும் காரணமா இருக்கக் கூடாது. கட்சிகள் அதுலயும் "மக்கள் சேவகர், அரசியல் பழிவாங்கும் வழக்கு"ன்னு ஒரே பத்தியை எல்லாருக்கும் ஒட்டுறாங்கங்கிறது வேற கதை. ஆனா யோசனை நல்ல யோசனை. பழைய பதிவுக்கும் கோர்ட் சொல்ற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? விருப்ப மனுப் படிவத்துல சாதி, தொழில், கட்சியில சேர்ந்த வருஷம், எத்தனை தடவை சிறை எல்லாம் கேட்கிறோம். "பொதுவெளியில் நீங்கள் எழுதியதில் இன்று நீங்கள் நிற்க முடியாதது எது?"ன்னு ஒரு கேள்வி, கீழ அரைப் பக்கம் இடம். அவரே எழுதட்டும். எழுதினவரை மதிப்போம். ஒன்னுமில்லைன்னு எழுதிட்டுப் பின்னாடி மாட்டினவருக்கு பதிவுக்காக இல்ல, மறைச்சதுக்காக சீட் இல்லைன்னு சொல்லலாம். நேர்காணல்ல ரெண்டு நிமிஷ வேலை.

கடைசியா, இதை எழுத ஆரம்பிச்சதுக்கே காரணமான விஷயம். நம்ம வாட்ஸ்அப் குரூப்கள்ல 18, 19 வயசுப் பசங்க நிறைய இருக்காங்க. காலேஜ் முதல் வருஷம், ரெண்டாவது வருஷம். எதிர்க்கட்சிக்காரங்க பதிவுல போய் "தரமா" செய்ற பையனுக்குத்தான் குரூப்ல ஃபயர் எமோஜி விழுது. பெரியவங்க "தம்பி சூப்பர்"னு தட்டிக் குடுக்கிறாங்க. அந்தத் தரமான சம்பவத்துல பாதி, எதிர்த்தரப்புப் பெண்ணோட போட்டோவை வெச்சுப் பண்ற மீம். பையனுக்கு அது கட்சி வேலைன்னுதான் தெரியும். எந்தக் கட்சியிலயும் இதே நிலைமைதான், கட்சிப் பேரை மட்டும் மாத்திப் படிச்சுக்கலாம்.

2036-ல அந்தப் பையன் வந்து வார்டு சீட் கேட்பான். பத்து வருஷம் போஸ்டர் ஒட்டியிருப்பான், பூத்ல உட்கார்ந்திருப்பான், கேஸ் வாங்கியிருப்பான். அப்ப எவனோ அந்த மீமைத் தூக்கிட்டு வருவான். ஃபயர் எமோஜி போட்ட அண்ணன்கள் அப்ப மாவட்டம், மாநிலம்னு பொறுப்புல இருப்பாங்க. "அது அவரது தனிப்பட்ட கருத்து, கட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை"ன்னு லெட்டர்பேட்ல ரெண்டு வரி அறிக்கை வரும். பையனோட பத்து வருஷ உழைப்பு அந்த ரெண்டு வரியில முடிஞ்சிடும். எழுதினதுக்கு அவன் பொறுப்புதான், மறுக்கல. ஆனா எழுத வெச்சவங்க, கை தட்டினவங்க பேர் எந்த ஸ்க்ரீன்ஷாட்லயும் வராது.

அதனால மாவட்ட, ஒன்றிய அளவுல ஐடி விங் பொறுப்புல இருக்கிற அண்ணன்கள், அக்காக்கள்கிட்ட ஒரே ஒரு கோரிக்கை. குரூப்ல அந்த மாதிரி மீம் விழும்போது அட்மின்னா நீங்களே முதல்ல எடுத்துடுங்க. எடுத்துட்டு அந்தத் தம்பிக்குத் தனியா ஒரு போன் போட்டு ஏன் எடுத்தீங்கன்னு சொல்லுங்க. குரூப்ல வெச்சுத் திட்ட வேண்டாம், வீம்புக்கு வேற எங்கயாவது போய்ப் போடுவான். விருப்ப மனுக் கேள்வியை அடுத்த அணிக் கூட்டத்துல முன்மொழியப் போறேன். உங்க ஊர்லயும் பேசிப் பாருங்க. படிவத்துல அந்தக் கேள்வி எப்படி இருக்கணும்னு வேற யோசனை இருந்தாலும், இது வேலைக்கே ஆகாதுன்னு தோணினாலும் கீழ கமெண்ட்லயே எழுதுங்க. இன்பாக்ஸ்ல வேண்டாம். எல்லாரும் படிக்கட்டும்.